பழைய நிறத்தில் ஒரு பொட்டு

எங்கள் கொட்டகையில் வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கும். பெட்டிக்கு உள்ளே கெட்டுப்போனதெல்லாம் என் பாடு, வெளியே கெட்டுப்போனதெல்லாம் ஆன்ட்ரூஸ் பாடு. கம்ப்ரசர், கேஸ், வயர் என்று நான் உள்ளே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அவன் கதவைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து நிறுத்துவான். ஃப்ரிட்ஜை எடுக்க வருகிற ஆள் யாரைப் பார்த்து "கொள்ளாம் அண்ணே, புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லுவார் என்று நினைக்கிறீர்கள்? நான் உயிர் கொடுத்த பெட்டிக்கு அவன் சட்டை தைத்துப் போடுகிறான், பாராட்டு சட்டைக்குத்தான் போகிறது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் பெயர் முத்துநாயகம். தக்கலையில் திருவனந்தபுரம் ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற ஒரு சந்தில், பழைய மர அறுவை மில்லின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து இரண்டு பேரும் தொழில் செய்கிறோம். நான் அய்யாவழிக்காரன், அவன் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை அவன் வேதக்கோயிலுக்குப் போவான், நான் அய்யாவைக் கும்பிடத் தாங்கலுக்குப் போவேன். ஆகவே எங்களுக்குள் சண்டை போட வாரத்தில் ஆறு நாள்தான் கிடைக்கும்.

ஆன்ட்ரூசுக்குச் சொந்த ஊர் அழகியமண்டபம் பக்கம். அப்பா மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டவர். மகனுக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்று ஆகிவிட்டது. தாய்மாமன் பின்னால் சவூதியில் தம்மாமுக்குப் போனான். அங்கே ஒரு பட்டறையில் மோதி நசுங்கிய கார்களை நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கிற வேலை. தின்னர் வாசனை நெஞ்சில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. இந்த வேலையே வேண்டாம் என்று ஊருக்குத் திரும்பியவன், வந்து முதலில் வாங்கியது ஒரு ஸ்ப்ரே கன்னும் ஒரு டப்பா தின்னரும். கேட்டால், "கை வேற ஒண்ணுக்கும் வளையல்ல நாயகம்" என்றான்.

ஊரில் பெயிண்ட் அடிக்கக் காரா கிடக்கிறது? ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கிரைண்டரும்தான் கிடந்தன. அதிலும் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வருகிற பெட்டிகளைப் பார்க்க வேண்டும். கடல் காற்று பெட்டியின் காலிலிருந்துதான் தின்னத் தொடங்கும். மகன் வளைகுடாவில் இருக்கிற வீட்டில் புதுப் பெட்டி வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போட மனசு வராது. மீன் வைக்க ஆகும் என்று பின்கட்டில் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு, துருப்பிடித்து நிற்பது கண்ணை உறுத்துகிறது என்று எங்களிடம் கொண்டு வருவார்கள்.

அவன் வேலை செய்வதைப் பார்க்க நன்றாக இருக்கும். நான் சொன்னேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். கதவு ரப்பரை உரித்தெடுப்பான். கைப்பிடியையும் கம்பெனிப் பேரையும் கழற்றிவிடுவான். கைப்பிடியைத் திரும்ப மாட்டுவான், கம்பெனிப் பேரை மாட்டமாட்டான். "இனி இது அவனுக்க பெட்டி இல்லையே" என்பான். எமரித் தாளால் தேய்க்கும்போது மூக்குக்குள் ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டே இருப்பான், ராகம் ஒருநாளும் சேராது. பெயிண்ட் காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவிப் பார்ப்பான். உள்ளங்கை பொய் சொல்லுமாம், புறங்கை சொல்லாதாம்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் வேடிக்கை. முழுப் பெட்டியையும் கண்ணாடி மாதிரி அடித்துவிட்டு, ஓர் இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவான். கதவில் கீல் இருக்கிற பக்கம், கீழ் ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். வேலை தொடங்குவதற்கு முன்பே ஒட்டுத்தாளை வட்டமாக வெட்டி அங்கே ஒட்டிவிடுவான். எல்லாம் முடிந்து தாளை உரித்தால் பெட்டியின் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அது துருப்பிடிக்காமல் இருக்க மேலே நிறமில்லாத வார்னிஷ் ஒரு கை. குனிந்து தேடினால்தான் தெரியும். தேடினால் கட்டாயம் தெரியும்.

"வேதக்காரன் வீட்டுல பொட்டு ஆவாது. இவன் பெட்டிக்கெல்லாம் பொட்டு வச்சு அனுப்புகான்" என்று சந்தில் சிரிப்பார்கள். அவன் கண்டுகொள்ளமாட்டான். பொட்டு வேண்டாம் என்று சொல்லுகிறவர்களிடம் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவான். நல்ல நல்ல வேலையெல்லாம் இப்படிக் கைவிட்டுப் போயிருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தானே நஷ்டம்? திட்டியிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பொட்டு இல்லாத காலத்தில் ஒரு கடைக்காரர் அவனிடம் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொடுத்து அடித்து வாங்கிப் போனார். போனவர் அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, புதிது என்று ஒரு கல்யாண வீட்டுக்கு விற்றுவிட்டார். பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியாது. சீராகக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் பெயிண்டில் கொப்புளம் வந்தது. மாமியார் வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. விஷயம் ஆன்ட்ரூஸ் காதுக்கு வந்ததும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி நேசம்மாளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனான். "பெண்ணு வீட்டுக்காரங்க மேல தப்பில்ல. கடைக்காரன் அவங்களை ஏமாத்திட்டான். இது நான் அடிச்ச பெட்டி" என்று சொன்னான். அவர்கள் நம்பவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். உடனே இவன் சாவியை எடுத்து ஓர் ஓரத்தில் சுரண்டிக் காட்டினான். உள்ளேயிருந்து பழைய நிறம் வந்தது.

அவன் சொன்னதில் "பழசு" என்ற பாதி மட்டும் அந்த வீட்டுக்காரர்கள் காதில் ஏறியது. "ஏமாற்றப்பட்டார்கள்" என்ற பாதி ஏறவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நாளில் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு திரும்பிப் போகவில்லை. தன் பெயிண்டை வைத்து இனி ஒருவனும் ஒருவரையும் ஏமாற்றக் கூடாது என்று அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பொட்டு.

இப்படிப்பட்டவன் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

ஒரே மகள், ஜெப்சி. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்கு வந்து எமரித் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாப்பிள்ளை ரெனிஷ், கருங்கல் தாண்டி தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் வீடு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அப்பா இல்லை. அம்மா லீலாபாய்தான் வீட்டுக்குப் பெரியவள். நல்ல இடம்.

கல்யாணம் முடிந்தால் எங்கள் பக்கத்தில் அடுக்களை காண்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் வேன் பிடித்துக் கூட்டமாகப் போய் மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைப் பார்ப்பார்கள். வெறுங்கையோடு போக முடியுமா? பாத்திரம், மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் கூடவே போகும். பெயர்தான் நாம் அடுக்களையைக் காண்பது. உண்மையில் அது அவர்கள் நம்மைக் காண்கிற நாள். பித்தளைப் பானையைத் தட்டிப் பார்க்கிற கிழவிகள் அங்கே இருப்பார்கள்.

பட்டியல் பேசிக்கொண்டிருந்தபோது ஜெப்சி சொன்னாள். "அப்பா, எனக்குக் கடைப் பெட்டி வேண்டாம். நீங்க அடிச்ச பெட்டி வேணும். உள்ள மாமா பாக்கட்டு, வெளிய நீங்க பாருங்க."

மாமா என்றது என்னை. இத்தனை வருடத்தில் பெட்டிக்கு உள்ளே என்று ஒன்று இருப்பதை நினைத்துப் பார்த்த ஒரே ஜீவன் அந்தப் பிள்ளைதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேசம்மாளுக்கும் புரியவில்லை, வேறு காரணத்துக்கு. "அடுக்களை காணப் போற அன்னைக்குப் பழைய பெட்டியா? ஊரு சிரிக்கும்" என்றாள். மகள் விடவில்லை. கடைசியில் நேசம்மாள் ஒரு படி இறங்கி வந்தாள். "சரி, அடிச்சா அடியுங்க. பொட்டு மட்டும் வேண்டாம்."

"பொட்டு இல்லாம எனக்க கையில இருந்து பெட்டி வெளிய போவாது" என்றான் ஆன்ட்ரூஸ்.

"இது எனக்க பிள்ளைக்க வாழ்க்கை."

"எனக்கும் பிள்ளைதான். அந்தக் கல்யாண வீட்டுப் பிள்ளைக்க கதையை நீ மறந்துட்டியா?"

"நீங்க மறந்தாலும் நான் மறக்கல்ல" என்றாள் நேசம்மாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். பெண்கள் வாயை மூடினால் சம்மதம் என்று நினைக்கிற மடத்தனம் எந்த வயதிலும் போவதில்லை.

தக்கலையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் பழைய காலத்து ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் கிடந்தது. வாழைக்குருத்துப் பச்சை. தகடு கனம், தட்டினால் நல்ல சத்தம் வரும். உள்ளே நான் எல்லாவற்றையும் மாற்றினேன், காப்பர் குழாய் உட்பட. வெளியே ஜெப்சி கேட்ட மோர் வெள்ளை நிறத்தில் அவன் அடித்தான். அடித்து, காயவைத்து, தேய்த்து, மறுபடியும் அடித்து, என் பொறுமையைச் சோதித்தான். முடிந்து நிறுத்தியபோது, பொய் சொல்லக் கூடாது, நானே இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். கீழே மூலையில் அந்தப் பச்சைப் பொட்டு. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் போர்வை போட்டு மூடிவைத்துவிட்டு, அவன் கல்யாண வேலைகளுக்குப் போய்விட்டான்.

அடுக்களை காண்கிற நாள் வந்தது. வேன் போய் நின்றதும் சாமான்களை இறக்கினோம். ஃப்ரிட்ஜை அடுக்களையில் நிறுத்தி நான் பிளக்கைச் சொருகினேன். ஆன்ட்ரூஸ் வழக்கம்போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெட்டியைத் துடைத்துக்கொண்டே பொட்டு இருக்கிற இடத்துக்குக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். பெருவிரலால் தடவினான். நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே பொட்டு இல்லை. மோர் வெள்ளையாக, வழவழவென்று இருந்தது.

அவன் திரும்பி நேசம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரெனிஷின் அத்தை முன்னால் வந்தாள். பானை தட்டுகிற வகை. கதவைத் திறந்தாள், மூடினாள், மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்பெனிப் பேரு ஒண்ணையும் காணல்லியே. புதுசுதானா இது?"

"புதுசுதான் மைனி" என்று நேசம்மாள் சட்டென்று சொன்னாள். "இப்ப வாறதுல பேரெல்லாம் பெருசாட்டு இருக்காது."

"இல்ல, அண்ணன் பெயிண்ட் அடிக்கியவருல்லா? அதான் கேட்டேன்" என்று அத்தை ஆன்ட்ரூஸ் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. புதுசுதானா?"

அடுக்களை முழுக்க ஆட்கள். எல்லார் கண்ணும் அவன் மேல். குத்தவைத்து உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். உள்ளதைச் சொன்னால் பெண்டாட்டி எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆவாள், பெண் வந்த வீட்டில் முதல் பேச்சே அதுவாக இருக்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அவன் தொண்டையைச் செருமினான்.

"புதுசுதான்" என்றான்.

ஜெப்சி டீத்தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள். தட்டை மேடைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். மங்கள வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். லீலாபாய்தான் "வாருங்க, இலை போட்டாச்சு" என்று கூட்டத்தைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் முகத்திலிருந்து நான் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஆன்ட்ரூஸ் கொட்டகைக்கு வந்தான், வேலை வரவில்லை. பெயிண்ட் ஒழுகியது. ஒரு வாஷிங் மெஷின் மூடியை அடித்து, சுரண்டி, திரும்ப அடித்து, திரும்பச் சுரண்டினான். முனகல் நின்றுபோனது. ராகம் சேராத அந்தக் கீர்த்தனை இல்லாமல் கொட்டகை இழவு வீடு மாதிரி இருந்தது. மகளிடம் ஃபோனில் பேசும்போது சாப்பிட்டியா, டூட்டி எப்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவளும் அதற்கு மேல் பேசவில்லை.

ஒருநாள் மத்தியானம் நேசம்மாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். அவன் கேட்டான், என் முன்னாலேயே.

"எதை வச்சு மூடின?"

"ஜெப்சிக்க நகப்பாலிஷ் குப்பியைக் கழுவி, அதுக்க பிரஷ்ஷை வச்சு. டப்பால மிச்சம் இருந்த பெயிண்டு. காயக் காய மேல மேல அடிச்சேன். உங்க கூடக் குடித்தனம் பண்ணினவளுக்கு இது தெரியாதா?"

"ஏன்ட்டி செய்த?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்கிறவனுக்கு லேசாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளைக்க வீட்டுக்கு நீயும் வந்தியேட்டி. அங்க நடந்ததைப் பாத்தவதானே நீ?"

நேசம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பாத்தேன். நீங்க பெட்டியைப் பாத்தீங்க, நான் அந்தப் பிள்ளையைப் பாத்தேன். அடுக்களை வாசல்ல நின்னுட்டு இருந்தா. கடைக்காரன் ஏமாத்தினான், சரி. மாமியாக்காரி சந்தேகப்பட்டா, அதுவும் சரி. சந்தேகம் சந்தேகமாட்டே கிடந்திருக்கும். நீங்க சாவியை எடுத்துச் சுரண்டின பெறவுதானே அவ தாய்வீட்டுக்கு வந்தா? நீங்க உள்ளதைச் சொன்னீங்க. அது உங்க மனசைக் காப்பாத்திச்சு. அவளைக் காப்பாத்திச்சா?"

இரண்டு பேரும் ஒரே அடுக்களையில் நின்று ஒரே சுரண்டலைப் பார்த்தவர்கள். மூடியிருந்ததுதான் அந்தப் பெண்ணைக் கெடுத்தது என்று இவன் ஊரிலுள்ள பெட்டிக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். திறந்ததுதான் கெடுத்தது என்று அவள் இவ்வளவு காலமும் வீட்டுக்குள் வைத்து மறுகிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இரண்டு பேரும் இதை ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கிற தொழில் என்னுடையது, நானும் கவனிக்கவில்லை.

ஆன்ட்ரூஸ் சோற்றைத் தொடவில்லை. பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டுப் பேசினான்.

"நீ சொல்லியது சரியாட்டு இருக்கலாம் நேசம். எனக்குத் தெரியல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. ஜெப்சி அந்தப் பெட்டியை நாளும் திறக்கணும். திறக்கும்போதெல்லாம் அப்பா பொய் சொன்னாருன்னு நினைச்சுட்டே திறக்கணும். அது கடல் காத்து அடிக்கிய வீடு. என்னைக்காவது ஒரு கொப்புளம் வரும். அன்னைக்கு நீயும் நானும் அங்க நிக்க மாட்டோம். அவ ஒத்தையில நிப்பா."

நேசம்மாள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப போயிச் சுரண்டணும்னு சொல்லுறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப நானும் வாறேன். சுரண்டும்போ நான் எனக்க பிள்ளைக்க பக்கத்துல நிக்கணும்." என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் வாருங்க" என்றாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் கருங்கல் பஸ்ஸைப் பிடித்தோம். ஆன்ட்ரூஸ் சட்டைப்பையில் எமரித் தாளை நான்காக மடித்து வைத்திருந்தான். வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பஸ் நிறைய மீன் கூடைகள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்த அத்தை மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது என்று அய்யாவை வேண்டிக்கொண்டேன்.

அத்தை இல்லை. லீலாபாயும் ஜெப்சியும் இருந்தார்கள். "என்ன, சொல்லாம கொள்ளாம வந்திருக்கியோ? வாருங்க, இருங்க" என்றாள் லீலாபாய். ஆன்ட்ரூஸ் இருக்கவில்லை. "மைனி, அடுக்களைக்குள்ள ஒரு சின்ன வேலை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். நாங்கள் பின்னால் போனோம். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் அவன் குனிந்தான். எமரித் தாளை எடுக்கப் பையில் போன கை பையிலேயே நின்றது.

பொட்டு அங்கே இருந்தது. காசளவு அல்ல, உள்ளங்கை அளவு. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. பெயிண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து, தாறுமாறாகக் கீறல் விழுந்து, நடுவில் வாழைக்குருத்துப் பச்சை.

"நான்தான் சுரண்டினேன் அண்ணே" என்றாள் லீலாபாய். "மீன் வெட்டுய கத்தி. அதான் இப்பிடி அலங்கோலமாட்டு வந்துட்டு."

அவளே தொடர்ந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாலயே ஜெப்சி எங்கிட்ட சொல்லிட்டா. 'அம்மா, எனக்க அப்பா அடிச்ச பெட்டிதான் வரும். கீழ பழைய நிறத்துல ஒரு பொட்டு இருக்கும்'னு. அடுக்களை காண வந்த அன்னைக்கு நான் ஆசையாட்டுக் குனிஞ்சு பாத்தேன். பொட்டைக் காணல்ல. எனக்க நாத்தனாரு கேட்டதுக்கு நீங்களும் புதுசுன்னு சொல்லிட்டீங்க. எனக்கு மனசு விட்டுப்போச்சு அண்ணே. பழசுன்னா குத்தம் சொல்லுய ஆளுன்னு நம்மளை நினைச்சுட்டாவளேன்னு. பெறவு இவ ஒழுங்காச் சாப்பிடல்ல. கேட்டா, அப்பா எனக்காட்டு பொய் சொல்லிட்டாருன்னு அழுகா. எனக்குக் கோவம் வந்துட்டு, கத்தியை எடுத்தேன்."

"உங்க நாத்தனாரு?" என்று நான் கேட்டேன். எனக்கு அந்தக் கவலைதான்.

"கூப்பிட்டுக் காட்டினேன். ஒளிச்சு வச்சா நாளைக்கு அவளே கண்டுபிடிப்பா. 'பாத்தியா, பழசுதானே'ன்னா. 'பழசுதான். எனக்க மருமவளுக்க அப்பன் கையால புதுசாக்கினது. இது இந்த வீட்டுல நிக்கும்'னு சொன்னேன். மூஞ்சியைச் சுளிச்சுட்டுப் போனா. சுளிக்கட்டு."

நேசம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மைனி, நான்தான் மூடினேன். இவரு இல்ல. இவருக்கு அன்னைக்கு இங்க வச்சுத்தான் தெரியும்."

"அதும் எனக்குத் தெரியும்" என்றாள் லீலாபாய். "ஆம்பிளை மூடினா இம்புட்டு நேர்த்தி வராது."

"எனக்க நகப்பாலிஷை வீடு முழுக்கத் தேடினேன்" என்று ஜெப்சி சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆன்ட்ரூஸ் மகளின் தலையைத் தொட்டான். "மக்கா, அப்பா சொன்னது தப்பு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"அழுதது போதும். இதைக் கொஞ்சம் பாக்கியது மாதிரி ஆக்கித் தாருங்க அண்ணே" என்று லீலாபாய் அந்தக் கீறல்களைக் காட்டினாள்.

அவன் எமரித் தாளை வெளியே எடுத்தான். நேசம்மாள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "இங்க தாருங்க. மூடினவதான் திறக்கணும்."

அவள் தண்ணீர் தொட்டு, ஓரத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். "பைய, வட்டமாட்டுத் தேயி" என்றான் ஆன்ட்ரூஸ். "எனக்குத் தெரியும், சும்ம இருங்க" என்றாள் அவள். பெயர்ந்த பெயிண்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கி, பச்சைக்கு ஓர் உருவம் வந்தது. பெரிய பொட்டுதான். கல்யாண வீட்டில் நாகம்மை வைத்துக்கொண்டு வருவாளே, என் பெண்டாட்டி, அந்த அளவு.

தேய்த்துக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நேசம்மாள் பேசினாள். "அந்த வீட்டுல நீங்க சுரண்டினதுல தப்பில்ல. சுரண்டின பெறவு, இது இந்த வீட்டுல நிக்கும்னு சொல்லதுக்கு அங்க ஒரு ஆளு இல்லாமப் போச்சு. அதுதான் அந்தப் பிள்ளைக்க தலையில விழுந்துட்டு."

ஆன்ட்ரூஸ் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தேய்த்த இடத்தில் சேர்ந்த வெள்ளைத் தூளை அந்தத் துண்டாலேயே ஒற்றி எடுக்க ஆரம்பித்தான். மூக்குக்குள் முனகல் கேட்டது. ராகம் இப்போதும் சேரவில்லை.

நான் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். நன்றாகக் குளிர்ந்தது. "உள்ள நல்லாக் குளிருது" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.